கருவேலத்திடம் துவர்ப்பு வாங்கிய அல்லி

அல்லி இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒன்றும் தெரியாது. வெறும் தண்ணீர் ருசிதான். பல் நன்றாக இறங்கியதும் நாக்கு சுருங்கும், கன்னம் இரண்டும் உள்ளே இழுக்கும், துப்பிவிட்டு வாய் கொப்பளிக்க ஓடுவீர்கள். வெளித்தோலில் இல்லாத துவர்ப்பு உள்ளே மட்டும் எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் கண்மாய்க்குள் இருந்த எல்லாம் பேசும். கரையில் இருந்தவர்களுக்கும் அது கேட்கும். துணி துவைக்க வருகிற பெண்கள், "கொஞ்சம் தள்ளிக்கங்க தாயே, இறங்கணும்" என்று செடிகளிடம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பார்கள். செடிகளும் தள்ளிக்கொள்ளும். சில சமயம் முணுமுணுத்துக்கொண்டே தள்ளிக்கொள்ளும்.

அப்போது அல்லியும் வள்ளைக்கீரையும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தார்கள். கடித்தால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும். கண்மாயில் துவர்ப்பு என்று இருந்தது கருவேல மரம் ஒன்றிடம்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, யாரிடமும் அதிகம் பேசாமல், முள்ளும் மஞ்சள் பூவுமாக இருக்கும். அதன் பட்டையை ஒரு துண்டு வாயில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு வராது.

அதே கண்மாயில் ஒரு நத்தை இருந்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அரம் மாதிரி ஒரு நாக்கு மட்டும் இருந்தது. அதை நீட்டிக்கொண்டே நடப்பாள். எது மெத்தென்று பட்டதோ அதைச் சுரண்டித் தின்றுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவாள். அவளுடைய அக்கா தங்கச்சிகள், மக்கள், மருமக்கள் எல்லாருக்கும் அதே வேலைதான்.

அந்த மழைக்கு அல்லிக்கு நிறையக் கன்றுகள் முளைத்திருந்தன. தண்ணீருக்கு அடியில் சேற்றில், விரல்நகம் அளவு இலையோடு, வரிசையாக. ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலையில் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாமல் போனது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அல்லி நத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, என் பிள்ளையைத் தின்னுட்டியா?"

"எந்தப் பிள்ளையக்கா?"

"நேத்து இங்க நின்னானே, குட்டி இலையோட!"

நத்தை வாயை ஒரு முறை அசைத்துப் பார்த்தாள். "ஓ, அதுவா? பாசி இன்னைக்குக் கொஞ்சம் இனிக்குதேன்னு நினைச்சேன்."

அல்லிக்கு வந்த கோபத்தில் இலையெல்லாம் படபடவென்று தண்ணீரில் அடித்தது. "உனக்கு வாய் ஒண்ணுதான் இருக்கு, அதுக்கு ஒரு புத்தி வேண்டாமா?"

"புத்தி எங்கக்கா இருக்கும், எல்லாத்தையும் நாக்குலயே வச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டு நத்தை அடுத்த இலைக்குப் போனாள். அவள் பொய் சொல்லவில்லை. பாசி எங்கே முடிகிறது, பிள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொன்னால் எடுபடுமா?

மிச்சம் இருந்த அந்த ஒரு கன்றைத் தன் பெரிய இலையின் நிழலுக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள் அல்லி. இதையும் விட்டால் இந்தக் கண்மாயில் தனக்குப் பிறகு அல்லி என்று ஒன்று இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் பெரிய சண்டை இல்லை. இருளாயி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் வீரணன் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பல்லெல்லாம் முளைத்துவிட்டது. ஓடுவான், கல் எறிவான், கோழியைத் துரத்துவான். பசித்தால் மட்டும் கைக்குழந்தை ஆகிவிடுவான். பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த கருப்பாயி, இருளாயியின் நாத்தனார், பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் மதினி, இவனுக்கு மீசை முளைக்கிற வரைக்கும் பால் கொடுக்கிறதா உத்தேசமா?"

"கேக்குறானே, என்ன செய்யச் சொல்ற?"

"நடவு ஆரம்பிக்கப் போகுது. இவனை இடுப்புல வச்சுக்கிட்டா நாத்து நடுவீங்க? அப்புறம் வரிசை பூரா இவன் மாதிரியே கோணலா ஓடும்."

இருளாயிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கருப்பாயி சொன்னதில் நியாயம் இருந்தது. நடவுக்குப் போகாமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

"வேப்பங்கொழுந்தை அரைச்சு மாருல பூசுங்க" என்றாள் கருப்பாயி. "வாய் வச்சான்னா கசக்கும். அப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான். எங்க பெரியவனுக்கு அப்படித்தான் பால் மறக்கடிச்சேன்."

தண்ணீரில் இருந்த அல்லி இதை ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். பூசினால் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்! இவ்வளவு சுலபமான ஒரு வழியா? நாக்கை நம்பிப் பிழைக்கிறவளை நாக்கிலேயே பிடிக்க வேண்டியதுதானே?

உடனே கருவேல மரத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் துவர்ப்பு கொடுங்க."

"எதுக்குத் தங்கச்சி?"

"பிள்ளையைக் காப்பாத்த."

கருவேலம் மேற்கொண்டு கேட்கவில்லை. பிள்ளை என்றதும் யார்தான் கேட்பார்கள்? பட்டையைக் கொஞ்சம் இறுக்கியது. கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கி, வேர் வழியாக வந்து, அல்லி நிற்கிற இடத்தில் சேர்ந்தது.

"இந்தா. ஆனா இதை எப்படி வச்சுக்கணும்னா..."

"தெரியும்ணே, தெரியும். இப்பத்தான் கேட்டுக்கிட்டு வர்றேன்."

கருவேலம் வாயை மூடிக்கொண்டது. அது ஏற்கெனவே பேச்சில் சுருக்கம்.

அல்லி முதலில் கன்றுக்குப் பூசினாள். குட்டி இலையின் மேலே, கீழே, காம்பில், வேர் கிளம்புகிற இடத்தில். பிறகு தனக்கும் பூசிக்கொண்டாள். ஒரு இலை பாக்கி இல்லை, ஒரு காம்பு பாக்கி இல்லை, மொட்டின் கழுத்தைக்கூட விடவில்லை.

வழக்கம்போல நத்தை வந்தாள். நாக்கை நீட்டினாள். அடுத்த நிமிஷம் ஓட்டுக்குள் புகுந்து மூடியைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தூ! என்னக்கா இது?"

"பூசியிருக்கேன்."

"யாருக்காக?"

"உனக்காகத்தான், வேற யாருக்கு?"

"விருந்தாளியை இப்படித்தான் அனுப்புவாங்களா?"

"விருந்தாளி இலையில போட்டதைத்தான் திங்கணும். வீட்டுப் பிள்ளையைத் திங்கக்கூடாது."

நத்தை மூடியைத் திறந்தாள். சுற்றத்தாரை எல்லாம் அழைத்துக்கொண்டு, காம்பு காம்பாக இறங்கி, வள்ளைக்கீரை இருக்கும் கரையோரத்துக்கு நடந்தாள். அல்லிப் பக்கம் ஒரு நத்தை கிடையாது. அல்லி அன்றைக்குத்தான் இலையை முழுசாக விரித்துப் படுத்தாள். கன்றைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி கன்றைப் பார்த்தாள். "இனி நீ வளர்றதுதான்டா உன் வேலை" என்றாள்.

வள்ளைதான் கத்தினாள். "நல்லா இருக்கே நியாயம்! உன் வீட்டுக் கூட்டத்தை என் வீட்டுக்கு அனுப்பிட்டு நீ காலை நீட்டிப் படுத்துக்கிட்டே! என் கொழுந்து பூரா ஓட்டை!"

"நீயும் பூசிக்கயேன்."

"எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது. ஊர்ப் பொம்பளைங்க என்னைத்தான் கீரைன்னு பறிச்சுட்டுப் போறாங்க. துவர்த்தா யாரு தொடுவா?" வள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். அழுது பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. "திங்கிறவ திங்கட்டும். அவ திங்கிறதுக்கு முன்னாடி நான் அடுத்த கணுவுக்குப் போயிடுறேன்." சொன்னது போலவே ஒரு கணு கிள்ளப்பட்டால் இரண்டு கணு விட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற கோரைப்புல்லுக்கு எந்தக் கவலையும் இல்லை. அது விறைப்பாகப் பிறந்தது. நத்தையின் நாக்கு அதனிடம் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும்.

சில நாள் வெயில் அடித்தது. அல்லி இலையில் பச்சைப் பொடி தூவின மாதிரி ஏதோ படிந்தது. அல்லி அதை அழகென்று நினைத்தாள். பிறகு அது நூல் நூலாக நீண்டது. பிறகு பஞ்சு மாதிரி பொதபொதவென்று ஆனது. முன்னெல்லாம் பாசி படியும், நத்தை வந்து சுரண்டுவாள், மறுபடி படியும், மறுபடி சுரண்டுவாள். இப்போது படிவது மட்டும்தான் நடந்தது. துவர்ப்பு நத்தையைத் தடுத்ததே தவிர, பாசியைத் தடுக்கவில்லை. பாசிக்கு நாக்கே கிடையாதே!

"அம்மா, இருட்டா இருக்கு" என்றது கன்று.

"மேகம் மூடியிருக்குடா."

"அம்மா, மூச்சு முட்டுது."

அல்லி மேலே பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து கன்றைப் பார்த்தாள். கன்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பாசி உருண்டைதான் தெரிந்தது. அவளுடைய சொந்த இலைகளும் ஓரத்தில் மஞ்சளாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

கெண்டை மீனைக் கூப்பிட்டாள். கெண்டை வந்து பாசியை ஒரு கொத்து கொத்தியது. பாசியோடு துவர்ப்பும் வாய்க்குள் போனது. "அத்தே, நான் அப்புறம் வர்றேன்" என்று வாலை ஆட்டிவிட்டுப் போனது. போனது போனதுதான். அலையைக் கூப்பிட்டாள். அலை வந்து பாசியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது. தன் இலையாலேயே தேய்த்துப் பார்த்தாள். பாசி இவள் மேலிருந்து கன்றின் மேல் ஒட்டியது, அவ்வளவுதான்.

"அம்மா" என்று கன்று கூப்பிடுவதும் மெலிந்துகொண்டே வந்தது.

அன்றைக்குக் கரைக்கு இருளாயி வந்தாள். துவைக்கத் துணி கொண்டு வரவில்லை. படித்துறைக் கல்லில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பின்னாலேயே வீரணனை இடுப்பில் வைத்துக்கொண்டு கருப்பாயி வந்தாள். பையன் வாடிப்போயிருந்தான். இருளாயி கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தையின் தோளுக்குள் புதைந்துகொண்டான்.

"வாய் வச்சான், கசந்துச்சு, அழுதான். அது சரி. அத்தோட முடியலையே" என்றாள் இருளாயி. "என் வாசனை பட்டாலே வீல்னு கத்துறான். கஞ்சி ஊட்டப் போனா என் கையில இருந்து வாங்க மாட்டேங்கிறான். தூக்கவும் விட மாட்டேங்கிறான். பாலை மறக்கச் சொன்னா என்னையே மறந்துட்டான், கருப்பாயி."

"எங்க பெரியவன் இப்படிப் பண்ணலையே மதினி..."

"உன் பெரியவன் மண்ணைக் கொடுத்தாலும் திம்பான். அவனையும் இவனையும் ஒண்ணா வைக்காதே."

கருப்பாயி பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

இருளாயி எழுந்தாள். கட்டிய சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். முந்தானையில் முடிந்திருந்த, குளிக்கத் தேய்க்கும் அரப்புப் பொடியை எடுத்து மார், கழுத்து, கை எல்லாம் தேய்த்தாள். முங்கினாள், எழுந்தாள், மறுபடி தேய்த்தாள். தன் கையைத் தானே மோந்து பார்த்தாள். வேப்பிலை வாசனை போய்விட்டது. ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்து, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள்.

வீரணன் ஒரு கண்ணால் பார்த்தான். மூக்கைச் சுருக்கி மோந்தான். பிறகு கருப்பாயி இடுப்பிலிருந்து ஒரே தாவு. அம்மாவின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் கன்னத்தை வைத்துவிட்டான். பாலைக் கேட்கவில்லை. சும்மா கட்டிக்கொண்டான். கருப்பாயி கொண்டு வந்திருந்த தூக்குவாளியைத் திறந்து கொடுக்க, இருளாயி கஞ்சியை விரலால் எடுத்து ஊட்டினாள். மடக் மடக்கென்று விழுங்கினான்.

இருளாயி அழுதுகொண்டே சிரித்தாள். "பால் இல்லேன்னு வாயால சொல்லிக்கிறேன். கேட்டா ரெண்டு நாள் அழுவான், மூணாம் நாள் விட்டுடுவான். அதுக்காக என் மேலயே எதுக்குக் கசப்பு? இல்லைங்கிறது உள்ள இருந்தாப் போதும். வெளிய நான் அவனுக்கு அம்மாவாத்தான் இருக்கணும்."

அல்லி இதையும் ஒரு எழுத்து விடாமல் கேட்டாள்.

"இருளாயி! இருளாயி! என்னையும் கொஞ்சம் கழுவி விடேன்! என் பிள்ளை உள்ள கிடக்கிறான்!"

இருளாயி பையனைக் கருப்பாயியிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். பெரிய இலையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பாசி கொஞ்சம் வந்தது, கூடவே இலையும் கிழிந்தது. குனிந்து கன்றைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அல்லி, இது என்னால ஆகாது. என் விரல் பட்டா நசுங்கிடும். இதுக்கு விரல் உதவாது, நாக்கு வேணும்."

நாக்கு! கண்மாயில் அந்த வேலைக்கு ஏற்ற நாக்கு யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவளைத் துரத்தியது யார் என்றும் தெரியும்.

கருவேல மரம் தொண்டையைச் செருமியது. "தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? நான் குடிக்கக் கொடுத்ததை நீ ஏன் பூசினே?"

"குடிக்கவா கொடுத்தீங்க?"

"பின்னே? சொல்ல வந்தேன், தெரியும் தெரியும்னே. என்னைப் பாரு. என் மேல எறும்பு ஊருது, அணில் ஓடுது, கொக்கு வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. நான் யாரையாவது ஏதாவது சொல்றேனா? கடிச்சாத்தான் நான் யாருன்னு காட்டுவேன்."

கருவேலம் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

அல்லி அதற்கு மேல் யோசிக்கவில்லை. இலையின் மேல் இருந்த துவர்ப்பை எல்லாம் உறிஞ்சத் தொடங்கினாள். மேலிருந்து உள்ளே, காம்பு வழியாகக் கிழங்கு வரைக்கும். இலை சுருங்க, காம்பு நடுங்க, ஒரு சொட்டு வெளியில் விடாமல் குடித்தாள். குடிக்கக் குடிக்க இலைகளின் அடிப்பக்கம் செக்கச் சிவந்துபோனது.

"டேய், நீயும் குடிடா."

"துவர்க்குதும்மா" என்றது பாசிக்கு உள்ளேயிருந்து சின்னக் குரல்.

"கண்ணை மூடிக்க. மூச்சைப் பிடிச்சுக்க. ஒரே மடக்கு."

"குடிச்சா எனக்குப் பூ வருமா?"

"வரும், வரும். முதல்ல குடி."

எந்த அம்மாவும் மருந்து கொடுக்கும்போது சொல்கிற பொய்தான். ஆனால் இது பொய்யாகவும் ஆகவில்லை, அது பிற்பாடு. கன்று குடித்தது. அதன் குட்டி இலை உச்சி முதல் அடி வரை சிவந்தது.

இருளாயி வள்ளைக்கீரைப் பக்கம் போனாள். கொடிகளைத் தூக்கிப் பார்த்து, ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகளை எடுத்து மடியில் போட்டாள். "அப்பாடா, கொஞ்சத்தையாவது கொண்டுபோ தாயி" என்றாள் வள்ளை. நத்தைகள் எல்லாம் மூடியைச் சாத்திக்கொண்டன. அல்லி இருக்கும் இடத்துக்கு வந்து, அந்த ஒரு நத்தையை மட்டும் பாசி மூடிய கன்றின் மேல் மெதுவாக வைத்தாள்.

மூடி திறக்கவில்லை.

"தங்கச்சி" என்றாள் அல்லி.

"இப்பத் தங்கச்சியா?" என்றது ஓட்டுக்குள்ளிருந்து.

"வேலையா கூப்பிட்டிருக்கேன். கொஞ்சம் நாக்கை நீட்டிப் பாரு."

"மறுபடி பூசியிருப்பே."

"வெளிய ஒண்ணும் இல்லை. சத்தியமா இல்லை."

"பிள்ளை இருக்கான்ல? அவனைத் தின்னுட்டேன்னு மறுபடியும் என்னைத்தானே சொல்லுவே? எனக்கு எங்க நிறுத்தணும்னே தெரியலைக்கா. சும்மா சொல்லலை. நாக்குக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. யாராவது நிறுத்துன்னு சொன்னா நிறுத்த மாட்டேனா?"

"சொல்றேன். இந்தத் தடவை சொல்றேன். நீ ஆரம்பி."

மூடி கொஞ்சமாகத் திறந்தது. நாக்கின் நுனி மட்டும் வெளியே வந்து பாசியைத் தொட்டது. துவர்ப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு பசி ஜெயித்தது. சர், சர், சர் என்று சுரண்ட ஆரம்பித்தாள் நத்தை.

அல்லி இலையை ஆட்டவில்லை. இருளாயி தண்ணீரில் நின்றபடி மூச்சு விடவில்லை. கரையில் கருப்பாயி வீரணனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நூல் நூலாகப் பாசி போனது. பஞ்சு போனது. பச்சைப் பொடி போனது. கீழே சிவப்பாக ஒரு துணுக்கு இலை தெரிந்தது. நத்தை நிறுத்தவில்லை. பாசி முடிந்துவிட்டது, நாக்கு முடியவில்லை. இன்னும் ஒரு சுரண்டு.

"ஐயோ!" என்றது கன்று.

நாக்கு அப்படியே நின்றது. நத்தையின் கொம்பு இரண்டும் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தன.

"அக்கா, இங்க துவர்க்குது."

"அங்கதான்" என்றாள் அல்லி. "அங்கதான் என் பிள்ளை ஆரம்பிக்கிறான்."

நத்தை அந்த இடத்தை நாக்கின் நுனியால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். "இதை முன்னாடியே வச்சிருந்தா மத்தப் பிள்ளைங்களும் இருந்திருப்பாங்களேக்கா." அவள் அழுதாளா என்று தெரியாது. நத்தை எப்போதும் ஈரமாகத்தானே இருப்பாள். கன்றை விட்டு இறங்கினாள், ஓரமாக வழிவிட்டு நடந்து காம்பில் ஏறினாள், அங்கே படிந்திருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்தாள். இருளாயி மடியில் இருந்த மற்ற நத்தைகளையும் எடுத்து ஆளுக்கு ஒரு இலையாக வைத்தாள். "நிறுத்துற இடம் வந்தா அதுவே சொல்லும், போங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

வெயில் தண்ணீரை ஊடுருவிக் கன்றின் மேல் விழுந்தது.

"அம்மா, மேகம் போயிடுச்சு" என்றது கன்று.

அல்லி சிரித்த சிரிப்பில் கண்மாய் முழுக்க வளையம் வளையமாக ஓடியது. கரையில் வீரணன் கருப்பாயியின் கையைக் கடித்து வாயை விடுவித்துக்கொண்டு, "அம்மா, கஞ்சி!" என்று கத்தினான். கருப்பாயி கையை உதறிக்கொண்டே, "மதினி, இவனுக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. நடவுக்கு வந்தா நாத்தைக் கடிச்சே நட்டுருவான்" என்றாள். இருளாயி படியேறினாள். அடுத்த வாரம் அவள் நடவுக்குப் போனாள். வீரணன் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். இரண்டு நாள் அழவும் செய்தான்.

அந்தக் கன்று மழை முடிவதற்குள் தண்ணீருக்கு மேல் இலை விட்டது. பிறகு ஒரு மொட்டு. பிறகு அது விரிந்தபோது அல்லி எத்தனை பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள் என்று கேட்காதீர்கள். கருவேலத்துக்கே ஐந்தாறு தடவை காட்டினாள்.

அந்த நாள் தொட்டுத்தான் அல்லி துவர்ப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒன்றுமில்லாதவள் போல மிதக்கிறாள். இலையின் அடிப்பக்கமும் தண்ணீருக்குள் இருக்கும் கன்றும் சிவந்திருப்பது அன்றைக்குக் குடித்த குடிதான். வள்ளைக்கீரை அன்றைக்கு ஓட ஆரம்பித்தவள், கிள்ளக் கிள்ள இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள். நத்தை இன்றைக்கும் மெத்தென்று பட்டதைத்தான் தின்கிறாள், அவளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனால் அல்லியிடம் வரும்போது பாசியோடு நிறுத்திக்கொள்கிறாள். அவள் இருக்கும் கண்மாயில் இலைகள் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். அவளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன கண்மாயில் எல்லாரும் பாசிக்குள் மூச்சுத் திணறிக் கிடப்பார்கள்.

இப்போது செடிகள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. கேட்டால் அல்லி இலைக்கு அடியில் இதுதான் கேட்கும்: "தங்கச்சி, போறதுக்கு முன்னாடி, காம்பு வந்து சேர்ற இடத்துல ஒரு மடிப்பு இருக்கு பாரு. எனக்கு எட்ட மாட்டேங்குது. அங்க மட்டும் கொஞ்சம் தேய்ச்சு விட்டுட்டுப் போயேன்."